மாப்பிள்ளை வீட்டு மாலுமிகள்

ரோடு போடும் தார் மணம் ஷார்ஜா தொழிற்பேட்டைப் பக்கம் எங்கே அடித்தாலும் எனக்கு மாப்பிள்ளை ஞாபகம் வருகிறது. முதன்முதலாக எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தபோது அவன் நீட்டியது தார் மணக்கும் மிட்டாய். ஸ்வீடன்காரன், துபாய் ஜெபல் அலி துறைமுகத்தில் என் மகளோடு வேலை பார்க்கிறவன், அவளிடமே தமிழ் கற்றவன். மரக்கப்பலுக்குப் பூசுகிற தாரை அவன் ஊரில் மிட்டாயிலும் சேர்ப்பார்களாம். என் மனைவி வாயில் போட்டுக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தாள்.

கல்யாணம் நிச்சயமானதும் மதுரையிலிருந்து ஐயர் ஃபோன் செய்தார். "மாப்பிள்ளையோட அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரு வேணும் சார். மந்திரத்துல சொல்லணும்."

மூன்று தலைமுறை போதும். அவனோ பழைய தேவாலயப் பதிவுகளை இணையத்தில் பிடித்து ஏறிக்கொண்டே போனான். ஒரே குடும்பப் பெயரில் வரிசையாகக் கப்பற்படை மாலுமிகள். உச்சியில் இருந்தவர் கடற்போரில் இறந்தவர். அவன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் படகுக்கே அந்த மாலுமியின் பெயரை வைத்துவிட்டார். வம்ச மரத்தைப் பெரிதாக அச்சிட்டு, மண்டபத்தில் தானே திறந்து வைக்கப்போவதாகச் சொன்னார். என் மனைவி அதற்குள் மதுரை முழுக்கச் செய்தி பரப்பியிருந்தாள்.

அந்த மரத்தை அவன் எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தான். வளைகுடாவில் என்னை எல்லாரும் என் அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். இனிஷியல் விரிந்து கடைசிப் பெயராகிவிட்டது. போய்ச் சேர்ந்தவரைக் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன். அதனாலோ என்னவோ, என் கண் அப்பா பெயரைத்தான் தேடும். அந்த மாலுமிகள் ஒவ்வொருவர் பெயருக்கும் நடுவில் 'இன்னார் மகன்' என்று அப்பா பெயர் இருந்தது.

"தம்பி, இவரோட அப்பா பேரு மேல இருக்கிறவர் பேரு இல்லையே?"

அவன் குனிந்தான். அடுத்ததைப் பார்த்தான். அதற்கு மேல் இருந்ததையும் பார்த்தான். காது சிவந்துவிட்டது. அந்தக் காலத்தில் பண்ணைகள் சேர்ந்து படைக்கு ஒரு மாலுமியைத் தரவேண்டுமாம்; அவனுக்கு ஒரு சின்ன வீடும் துண்டு நிலமும் கொடுப்பார்களாம். பெயர் வீட்டோடு போகும். ஒருவர் செத்தால் அடுத்து வருகிறவருக்கு அதே வீடு, அதே பெயர். இங்கே தொழிலாளர் கேம்பில் விசா முடிந்து போனவனின் கட்டிலில் அடுத்தவன் படுப்பது போலத்தான். இது தெரிந்தும் அவன் கடைசிப் பெயரை மட்டும் பிடித்து ஏறிவிட்டான்.

அவனுடைய உண்மையான மூதாதையை அன்றே தேடினோம். பண்ணைக் கூலியின் மகன்; அந்த வீட்டுக்கும் பெயருக்கும் பிறகு வந்து சேர்ந்த மாலுமி. போர் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"பின்ன எதுக்குக் கப்பல்ல சேர்ந்தாராம்?" என்றாள் மனைவி.

"வீடு கிடைக்கும்னு, அத்தை."

"அட, நம்ம ஆளு!" என்று சிரித்தாள். வீடு கட்டத்தான் நானும் விமானம் ஏறினேன். இன்னும் அதில் குடியிருக்கவில்லை.

அவன் சிரிக்கவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் வருத்தத்தில் கல்யாணத்துக்கே வராமல் போனால்? அவரை அழைத்துவர ஸ்வீடன் கிளம்பியவனை நான்தான் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டேன். பெட்டியை எடுத்தவன் ஜன்னலில் குனிந்தான்.

"மாமா, ஏறறதுக்கு முன்னாடி ஃபோன்ல சொல்லிடவா? நேர்ல அவர் முகத்தைப் பார்க்க முடியாது."

இத்தனை வருடத்தில் எனக்கு வந்த பெரிய செய்திகளெல்லாம் ஃபோனில் வந்தவை.

"ஃபோன்ல வேணாம்ப்பா. அந்தப் படகுல அவர் பக்கத்துல உட்கார்ந்து சொல்லு."