செத்த மரங்கள் நடும் ஆர்லீன்

“நீ என்ன பட்டாளத்துக்கா போறே? கொஞ்சம் கோணிக்கிட்டு நில்லு!”

கணினித் திரையில் நிற்கும் ஒரு ஃபிர் ஊசியிலை மரத்தை ஆர்லீன் டுபெக் அதட்டிக்கொண்டிருக்கிறார். மரம் சாய்கிறது. போதாது, இன்னும் கொஞ்சம் சாய்க்கிறார். பிறகு அதன் பக்கத்தில் செழிப்பாக நிற்கும் இன்னொரு மரத்தைக் கொன்றுவிடுகிறார். இலைகள் உதிர்ந்து, பட்டை வெளுத்து, அது எலும்பாக நிற்கிறது. இப்போதுதான் முகத்தில் ஒரு திருப்தி. மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையின் தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்புகிறார்.

“சாவு விழாத காடு எங்கேப்பா இருக்கு? விளம்பரத்துலதான் இருக்கும்.”

ஆர்லீன் சஸ்காட்சவன் சமவெளியில், கண்ணுக்கு எட்டிய வரை கோதுமையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் பிறந்தவர். வான்கூவரில் வெகுகாலம் வீடியோ கேம்களுக்கு மலையும் ஆறும் செய்து கொடுத்தார். இப்போது மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில், இனிமேல் வரப்போகிற நிலக்காட்சிகளைச் செய்கிறார். இந்தச் சரிவில் மரம் வெட்டினால், அந்தக் குன்றில் காற்றாலை நட்டால், ஊரிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று ஜனங்களுக்கு முன்கூட்டியே காட்டுகிற வேலை. நான் ட்ரோன் பறக்கவிட்டு மலையை அளந்து தருவேன். அதன்மேல் காட்டை முளைக்க வைப்பது அவர் பாடு.

மேசைமேல் கூழாங்கற்களைப் பரப்பி வைத்திருப்பார். அவ்வப்போது தண்ணீர் தெளித்து, ஈரக்கல் எப்படி மினுங்குகிறது என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். அந்திப் பொன் வெயில் போடச் சொல்லி யாராவது கேட்டால் போச்சு. “அந்த வெயில்ல என் மாமியார்கூட அழகாத்தான் தெரிவா” என்பார். அவர் படங்களில் எப்போதும் மேகம் மூடிய நண்பகல்தான்.

அந்தப் படங்கள் புகைப்படங்களைத் தோற்கடித்தன. அதில் அவருக்கும் பெருமைதான், கர்ட்டிஸ் லவோய் எங்கள் அலுவலகப் படியேறி வரும் வரை.

கர்ட்டிஸ் ஆல்டர் க்ரீக் என்ற ஊர்க்காரர். லாரி ஓட்டி ஓய்ந்தவர். அங்கே ஒரு மலைச்சரிவில் மரம் வெட்டியபோது, புதிதாக நடும் கன்றுகள் வளர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று ஆர்லீன் ஒரு படம் செய்திருந்தார். ஒவ்வொரு கிளை நுனியிலும் பனி உட்கார்ந்திருந்த படம். அதைப் பார்த்துத்தான் கர்ட்டிஸ் அந்தச் சரிவுக்கு எதிரே வீடு வாங்கி, சுவர் அகலத்துக்கு ஜன்னலும் வைத்தார். அடுத்தடுத்து மழை பொய்த்தது. கன்றுகள் அத்தனையும் கருகின. ஜன்னலுக்கு வெளியே மொட்டை மண்.

“ஃபோட்டோன்னு நெனச்சிட்டேங்க” என்றார் அவர். “வரப்போறதை எவனாவது ஃபோட்டோ எடுக்க முடியுமான்னு அப்போ எனக்குத் தோணவே இல்ல.”

கத்தவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆர்லீன் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

போன கோடையில் காட்டுத்தீ ஆல்டர் க்ரீக்கின் வேலி வரை வந்து, காற்று திரும்பியதால் ஊரை விட்டுவிட்டது. ஊரைச் சுற்றியுள்ள காட்டை அகலமாக வெட்டி மெலிய வைத்தால்தான் அடுத்த தீயைத் தடுக்கலாம் என்றது ஊர்ச்சபை. ஊர்க்காரர்களுக்கு மனமில்லை. யாருக்குத்தான் தங்கள் மலையை மொட்டையடிக்கப் பிடிக்கும்? வெட்டினால் எப்படி இருக்கும் என்று கூட்டம் போட்டுக் காட்டிவிட்டு, சம்மதமென்றால் கை தூக்கச் சொல்லலாம் என்று முடிவானது. படம் செய்யும் பொறுப்பு எங்களிடம் வந்தது.

சபையின் வன அதிகாரி க்ளென் நேரிலேயே வந்தார். “அழகா காட்டு ஆர்லீன். பிடிக்கலேன்னா ஒருத்தனும் கை தூக்க மாட்டான். அப்புறம் ஊரே எரியும். பரவாயில்லையா உனக்கு?”

அவர் பயமும் பொய்யில்லை.

ஆர்லீன் செய்தார். முப்பது வருடம் கழித்து நிற்கப்போகும் காடு, பட்டையில் வழியும் பிசின் உட்பட. நான் அதை ட்ரோன் எடுத்த படம் என்றே நினைத்தேன். சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது.

“அந்தப் பிசின் எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு பார்ப்போம். அந்த மரம் இன்னும் விதையாக்கூட விழல.”

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். வெட்டியவுடன் வரும் காட்சி நிச்சயமாகத் தெரிந்தது. அதை அப்படியே அசலாக விட்டார். அடிக்கட்டைகள், குவித்த சுள்ளிகள், டயர் உழுத சேறு. முப்பது வருடம் கழித்து வரும் காட்டை மட்டும் நீர்வண்ணம் போல இளக்கி, கோடும் கறையுமாக ஆக்கினார். அந்தக் காட்டில் ஓரிலைகூடக் கூர்மையாக இல்லை.

சனிக்கிழமை காலை, சமூகக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. கடைசி வரிசையில் கர்ட்டிஸ் இருந்தார். அவரைப் பார்த்ததும் ஆர்லீன் என் கையைப் பிடித்தார்.

படம் சுவரில் விழுந்தது. க்ளென் தலையைப் பிடித்துக்கொண்டார். “என்னம்மா இது, சின்னப் புள்ள கிறுக்கின மாதிரி?” என்று யாரோ ஒருவர் கேட்க, கூடம் சிரித்தது.

கர்ட்டிஸ் எழுந்தார். “வெட்டினது மட்டும் ஃபோட்டோ மாதிரி இருக்கு. அப்புறம் வர்றது ஏன் இப்படி இருக்கு?”

“வெட்டினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்” என்றார் ஆர்லீன். “அப்புறம் என்ன வரும்னு தெரியாது. மழை பெய்யணும். பெய்யலேன்னா இதுகூட வராது.”

க்ளென் கண்ணை மூடிக்கொண்டார்.

“போன தடவை இதைச் சொல்லியிருக்கலாமே” என்றார் கர்ட்டிஸ்.

“சொல்லியிருக்கணும்.”

கர்ட்டிஸ் சுவரைக் கைகாட்டினார். “சரி. அந்த அசிங்கத்தை என் ஜன்னல்லேர்ந்து காட்டுங்க.”

ஆர்லீன் காட்சியைத் திருப்பினார். கூடமே எக்கிப் பார்த்தது. பழைய மொட்டைச் சரிவைச் சுற்றியும் சேறும் கட்டைகளுமாக ஜன்னல் நிறைந்தது.

“கண்றாவியா இருக்கு” என்றார் கர்ட்டிஸ்.

“ஆமா.”

“ஆனா வீடு இருக்கும்ல, பார்க்கிறதுக்கு?” என்றபடி கையைத் தூக்கினார்.

சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒரு பெண் தன் வீட்டிலிருந்தும் காட்டச் சொன்னார். பிறகு இன்னொருவர். பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள், முகம் சுளித்தார்கள், கை தூக்கினார்கள். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. க்ளென் சுவரில் சாய்ந்து, அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டார். ஆர்லீன் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும், படம் காட்டும் கருவி வைத்திருந்த கனத்த மேசையை ஓரங்கட்ட வேண்டியிருந்தது. கர்ட்டிஸ் வந்து ஒரு முனையைத் தூக்கினார், ஆர்லீன் மறுமுனையை. கர்ட்டிஸ் பின்பக்கமாக நடந்தார்.

“இடது பக்கம். இன்னும் கொஞ்சம். பின்னால படி இருக்கு” என்றார் ஆர்லீன்.

கர்ட்டிஸ் திரும்பிப் பார்க்காமலே காலைத் தாழ்த்திப் படியில் வைத்தார்.