சென்றாயன் வரைந்த சிவப்பு டேப்

சென்றாயன் பதினொரு காமிக்ஸ் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. போடச் சொல்லிக் கேட்கவே அவருக்குப் பயம். அவற்றை வெளியிட்ட பதிப்பகம் மூடப்பட்டபின் ஓசூர் பக்கத்துக் கம்பெனிச் சுவர்களில் பாதுகாப்புப் படங்கள் வரைகிறார், காமிக்ஸ் போலவே கட்டம் கட்டமாக. கண்ணால் பார்க்காத எதையும் வரைய மாட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனிதருக்கு வீம்பு.

மகள் லாவண்யா வேலை செய்யும் போச்சம்பள்ளிக் கம்பெனியே அவரைக் கூப்பிட்டது. பெருமை தாங்கவில்லை. அவள் ஓட்டும், தகடு அழுத்தும் பிரஸ் மிஷினை நட்டு போல்ட் விடாமல் பார்த்துவந்து, கேன்டீன் சுவரில் ஆள் உயரத்துக்கு வரைந்தார். இடது பொத்தானில் ஒட்டியிருந்த சிவப்பு டேப் உட்பட. அதுவும் மிஷினோடு வந்தது என்று நினைத்துவிட்டார், அப்பாவி.

சேஃப்டி ஆபீசர் பாலாஜி பார்த்ததும் வெலவெலத்துப் போனார்.

“டேப்ப எதுக்குங்ணா வரைஞ்சீங்க?”

“மிஷின்ல இருந்துச்சுங்க சார்.”

பாலாஜி குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பட்டனயும் ரெண்டு கையால அமுக்குனாத்தான் பிரஸ் இறங்கும். ஒண்ண டேப் போட்டு அமுக்கி வெச்சிட்டா ஒரு கை போதும். இன்னொரு கை உள்ளாற பீஸ் வெக்கும். வேகமா ஆவும். நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு, அழிச்சிருங்க.”

“மிஷின்ல இருக்கறது?”

“நாளைக்கு ஒருநாள் பிச்சிருவோம்.”

உள்ளே வைக்கும் கை யாருடையது என்று சென்றாயனுக்குத் தெரியும். படத்தில் இருந்த டேப்பை அழித்தார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த மகளின் கைகளைக் கேட்டிலேயே பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார்.

“என்னாப்பா, எல்லாரும் பாக்கறாங்க!”

“டேப்பு போட்டுத்தான் ஓட்டறியா?”

“எல்லாரும் அப்பிடித்தாம்பா. டார்கெட் ஆவணுமே.”

அவள் சிரித்தபடி கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி வரைந்தால் தன் பிழைப்பு போகும், அவள் வேலையும் போகலாம். வரையாவிட்டால்? அதற்குமேல் நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை, இன்ஸ்பெக்டரின் ஜீப் கேட்டுக்குள் நுழையும்போது சென்றாயன் சுவர் முன்னால் நின்றிருந்தார். அதே இடத்தில் டேப்பை வரைந்தார், முன்னைவிடச் சிவப்பாக. கம்பெனி இதற்காக லாவண்யாமேல் பாயக் கூடாது, பழி தன்மேலேயே விழட்டும் என்று, படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘சென்றாயன்’ என்று எழுதினார்.

அவர் வரைந்த படத்தில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.