ஐந்து நாள் மரவள்ளிக்கிழங்கு

வுர்யானிக்கு மூக்கு இருந்தால் போதும், கண் இரண்டும் உபரி என்று ஜாவாத் தீவின் மரவேலை ஊரான எங்கள் ஜெபாராவில் சொல்வார்கள். ஒரு தேக்குப் பலகையை முகர்ந்து பார்த்து, அது எந்த மலையில் வளர்ந்தது, அதன் நிழலில் எந்த ஊர்ப் பசு படுத்திருந்தது என்பதுவரை சொல்லிவிடுவாள். பசு நான் சேர்த்தது. ஆனால் பலகை காய்ந்ததா ஈரமா என்று பத்தடி தள்ளி நின்று அவள் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

பதினாறு வயதில் யாரோ ஒருவர் பட்டறையில் அலமாரிக்கு உப்புத்தாள் தேய்க்கப் போனவள். முப்பத்திரண்டில் மூன்று செதுக்குக்காரர்களோடு ஒரு வாடகைக் கொட்டகையில் சொந்தமாகத் தொடங்கினாள். இப்போது ஐம்பத்து நான்கு. அவளை நம்பி நாற்பத்தோரு பேர். அவள் பட்டறைக்கு எதிர்வீடு என்னுடையது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வெளிநாட்டுக்காரர்களுக்கு அவள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். கூலியாக, உடைந்துபோகாத நாற்காலிகள் என் வீட்டில் தேவைக்கு மேல் இருக்கின்றன.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், கடலுக்கு அப்பால் ஒரு பெரிய நாட்டில் இறக்குமதி வரியை ஏற்றினார்கள். பிறகு குறைத்தார்கள். பிறகு மறுபடி ஏற்றினார்கள். ஏற்றி இறக்குகிறவர்களுக்கு அது விளையாட்டு. இங்கே வுர்யானியின் முற்றத்தில் பூவும் கொடியும் செதுக்கிய அலமாரிகள் மூன்று கப்பல் பெட்டி நிறையக் கிடந்தன, வாங்குவதாகச் சொன்னவர் பதிலே போடவில்லை. மழைக்காலத்தில் அந்த அலமாரி ஒன்றுக்குள் பூனை குட்டி போட்டது. ஏழு குட்டிகள். நான் ஒன்பது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்துப் பட்டறைகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வுர்யானி எல்லோரையும் மரத்தூள் மேட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "யாரையும் அனுப்ப மாட்டேன். எல்லாருக்கும் வாரத்துல நாலு நாள் வேலை. எனக்கும் நாலு நாள்தான். அஞ்சாவது நாள் நான் வந்து நின்னா விரட்டி விடுங்க" என்றாள். ஐந்தாவது நாளும் வந்தாள். விரட்டும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து நகரமான செமாராங்கில் ஒரு பெரிய ஓட்டலில் முதலாளிகளுக்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள். நிச்சயமில்லாத உலகத்தில் நிறுவனத்தை எப்படி நடத்துவது என்று சொல்லித் தரப் போகிறார்களாம். காலையில் போனவள் சாயங்காலம் ஒரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு பலகாரப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

"என்ன சொன்னாங்க?"

"புயல் அடிக்கும்போது கப்பல் தலைவன் நிதானமா இருக்கணுமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் பலகாரம் குடுத்தாங்க. உங்களுக்கு ரெண்டு எடுத்துட்டு வந்தேன்."

நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாள் முழுக்கத் தலைவனைப் பத்தியே பேசினாங்க டீச்சரம்மா. கப்பல்ல மத்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். அதை அவள் அப்போதே யோசித்திருக்கலாம். எங்கள் இருவருக்குமே பலகாரத்தின்மேல்தான் கவனம்.

ஏழு மாதம் இப்படிப் போன பிறகு ஹாலந்திலிருந்து அன்னலீஸ் என்றொரு அம்மாள் எழுதினாள். வரிசையாகச் சில விடுதிகள் நடத்துகிறவர்களுக்காகச் சாமான் வாங்குகிறவள். செதுக்கு வேலை இல்லாத வெறும் நாற்காலிகள், இருநூற்று நாற்பது. கப்பல் ஏறும் தேதியும் போட்டிருந்தாள். கடிதத்தின் கடைசி வரி இது: இவை நன்றாக இருந்தால், அடுத்த இரண்டு வருஷத்துக்கு உங்களிடமே வாங்குவோம்.

அதை நான் வாசித்துச் சொன்னதும் வுர்யானி சிரித்தாள். ஏழு மாதமாக அந்தத் தெருவில் கேட்காத சிரிப்பு. பட்டறையில் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தோரு அடுப்பு எரிவது இனி இந்த இருநூற்று நாற்பது நாற்காலிகளில் இருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

செதுக்குக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல். "பூ வேண்டாம், கொடி வேண்டாம். கல்யாண வீட்டுல வெறும் சோறு போடுற மாதிரி இருக்கு இபு" என்றான் மேஸ்திரி தர்முஜி. இபு என்றால் அம்மா, பட்டறையில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வெறும் சோறாவது போட முடியுதேன்னு சந்தோஷப்படு" என்றாள்.

தினமும் காலையில் பட்டறையைச் சுற்றி வந்து ஒவ்வொருவரிடமும் கேட்பாள், "தேதிக்குள்ள ஆகுமா?"

"ஆகும் இபு."

"மரம் காஞ்சுடுமா?"

"காஞ்சுடும் இபு."

இங்கே பெரியவர்கள் முகத்துக்கு நேராக முடியாது என்று யாரும் சொல்வதில்லை. ஆகும் என்பதிலேயே பல தினுசு உண்டு. சட்டென்று சொன்னால் ஆகும். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ஆகலாம். தலையைக் குனிந்து புன்னகையோடு சொன்னால், நீங்களே புரிந்துகொள்ளுங்கள் அம்மா என்று அர்த்தம். தாய்ப்பாலோடு இதைக் கற்றுக்கொண்டவள் வுர்யானி. ஆனால் அந்த மாதம் எல்லா ஆகுமும் அவள் காதில் ஒரே ஆகுமாக விழுந்தது. அந்தப் புகழ்பெற்ற மூக்கும் அப்படித்தான். கேட்க விரும்பியதைக் காது கேட்டபோது, மூக்கும் அதன்கூடவே போய்விட்டது.

கப்பலுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, பாக் லெகிமான் அவள் மேஜைமேல் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை வைத்தார். பட்டறையின் மரம் உலர்த்தும் சூளை அவர் பொறுப்பு. பாக் என்றால் ஐயா. அறுபது வயது, அதிகம் பேச மாட்டார். பொட்டலத்தில் கெதுக். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வெல்லம் போட்டு இடித்து, மேலே தேங்காய்த் துருவல் தூவியது.

"என்ன விசேஷம் பாக்?"

"ஒண்ணுமில்ல இபு. வீட்டுல செஞ்சாங்க."

செவ்வாய்க்கிழமை இரண்டு பொட்டலம். புதன்கிழமை ஒரு தட்டு. வியாழக்கிழமை பெரிய தட்டு, மூன்று நிறத்தில். வுர்யானி ரசித்துச் சாப்பிட்டு, "உங்க வீட்டம்மா கைக்கு ஈடே இல்ல" என்று பாராட்டினாள். அவர் இன்னும் வாடிப்போனார். வெள்ளிக்கிழமை ஒரு முறமே வந்தது. அதைச் சுமந்துவந்த அவர் மனைவி மதிலுக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கொல்லையில் அதற்குமேல் கிழங்கு இல்லை என்று பிறகு தெரிந்தது.

அன்று நான் அங்கே இருந்தேன். எல்லாம் தயார், குறித்த நாளில் அனுப்புகிறோம் என்று அன்னலீஸுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வுர்யானி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கடிதத்தைக் கேட்டாள். பாதியில் மெல்லுவதை நிறுத்தினாள்.

"டீச்சரம்மா, இவரு இதுக்கு முன்னாடி எப்போ கெதுக் கொண்டாந்தாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"கொதிகலன் வெடிச்ச அன்னிக்கு. அதுக்கு முன்னாடி, அவர் பையன் என் மோட்டார் சைக்கிளக் குளத்துல விட்ட அன்னிக்கு." கையிலிருந்ததை முறத்தில் திரும்ப வைத்தாள். "இன்னியோட அஞ்சு நாள் ஆச்சு."

சூளைக்கு நடந்தாள். ஓடவில்லை. நானும் பின்னாலேயே போனேன், போகாமல் இருக்க முடியுமா? பாக் லெகிமான் சூளைக் கதவின் முன்னால், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிற பையனைப் போல நின்றார்.

"என்ன ஆச்சு பாக்?"

"எல்லாம் நல்லா இருக்கு இபு."

"முறம் நிறையக் கிழங்கு வந்திருக்கு. நல்லா இல்ல. சொல்லுங்க."

ரொம்ப நேரம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "இடது பக்கத்துக் காத்தாடி மூணு வாரமா சுத்தல. வலது பக்கம் காஞ்சது. இடது பக்கத்துக் கட்டை மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம்" என்றார்.

ஈரமானியைக் குத்திப் பார்த்தார்கள். வுர்யானி அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. பலகையில் மூக்கை வைத்து ஒரு முறை இழுத்தாள். முகம் மாறிவிட்டது. அந்தக் கட்டையில் செய்த கால்கள், குளிர் நாட்டில், சூடேற்றிய அறையில், இரண்டே மாதத்தில் வெடித்துப் பிளக்கும்.

"தர்முஜிக்குத் தெரியுமா?"

பின்னால் நின்ற தர்முஜி தொண்டையைச் செருமினான். "தெரியும் இபு."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

தேநீர் கொண்டுவருகிற பெண் தட்டோடு மெதுவாக நழுவப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. நாற்பத்தோரு பேருக்கும் தெரிந்திருந்தது. பூனைக்குத் தெரியுமா என்று நான் விசாரிக்கவில்லை.

"ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?"

பாக் லெகிமான்தான் சொன்னார். "சொல்லத்தான் வந்தேன் இபு, தினமும். நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. ஏழு மாசம் கழிச்சு சிரிக்கிறவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

வுர்யானி அங்கேயே மரக்கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் சிரிச்சதுதான் தப்பு" என்றாள்.

"ஐயோ, அப்படி இல்ல இபு" என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் பட்டறையில் அவளுக்கு எதிராக எழுந்த முதல் குரல் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படியே அனுப்பியிருக்கலாம். வெளியே பார்க்க எல்லாம் ஒரே மாதிரி நாற்காலிகள்தாம். வெடிப்பு ஜனவரியில்தான் தெரியும், அதற்குள் காசு வந்திருக்கும். தர்முஜி அதைச் சொல்லாமல் சொல்லிப் பார்த்தான். வுர்யானி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போய் அந்தக் காற்றாடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

நாங்கள் கடிதத்தை முதலிலிருந்து எழுதினோம். நான் எழுதியதில் முதல் பத்தி மழையைப் பற்றி, இரண்டாவது பத்தி அன்னலீஸின் உடல்நலம் பற்றி, மூன்றாவதில் எங்கள் பணிவான மன்னிப்பின் முன்னுரை.

"இதுல நாற்காலி எங்க இருக்கு?" என்றாள் வுர்யானி.

"அஞ்சாவது பத்தியில வரும்."

"அடிச்சிடுங்க. நீங்களும் கிழங்கு கொடுக்குற ஆள்தான். அவங்க டச்சுக்காரங்க, மழையைப் பத்தி எழுதினா வானிலை அறிக்கைன்னு நெனச்சிப்பாங்க."

கடைசியில் கடிதம் ஐந்து வரிதான் இருந்தது. தொண்ணூறு நாற்காலி நன்றாக இருக்கிறது. நூற்றைம்பது ஈரக் கட்டையில் செய்தது, அனுப்ப மாட்டேன். புதிதாகச் செய்ய ஐந்து வாரம் வேண்டும். தவறு என்னுடையது. வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலம் கற்பித்த எனக்கு, அப்படி ஒரு கடிதத்தை அனுப்பக் கை கூசியது.

மூன்று நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மதியம், யாரும் எதிர்பாராமல், வுர்யானி வீட்டிலிருந்து மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, சுற்றிலும் கோழியும் முட்டையும் வைத்துப் பெரிய மூங்கில் தட்டு வந்தது. காரியம் ஜெயித்தால்தான் அதை வைப்பது வழக்கம். கோபுரத்தின் நுனியை வெட்டி, இருப்பவர்களில் மரியாதைக்குரியவருக்குத் தருவார்கள். பட்டறையில் அது எப்போதும் வுர்யானிக்குத்தான்.

அவள் கத்தியை எடுத்து நுனியை வெட்டி, வாழையிலையில் வைத்து, பாக் லெகிமான் முன்னால் நீட்டினாள்.

அவர் இரண்டடி பின்வாங்கினார். "வேணாம் இபு. தப்பு."

"வாங்கிக்குங்க. கெட்ட செய்தியைக் கொண்டாந்தவரு நீங்க ஒருத்தர்தான். அஞ்சு நாள் எடுத்துக்கிட்டீங்க, கொல்லையைக் காலி பண்ணீங்க, ஆனாலும் கொண்டாந்தீங்க." மற்றவர்களைப் பார்த்தாள். "இனிமே இந்த நுனி, கெட்டதை முதல்ல சொல்றவங்களுக்கு. என் மூஞ்சி எப்படி இருந்தாலும் சரி."

"நல்லது நடந்தா யாருக்கு இபு?" என்று தர்முஜி கேட்டான்.

"நல்லதுக்கு நுனி எதுக்கு? அது தானா தெரிஞ்சிடும்."

பாக் லெகிமான் இலையை வாங்கிக்கொண்டார். அந்தச் சோற்றை அவர் மென்று முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு நாற்காலியே செய்திருக்கலாம். அதற்குள் வார்னிஷ் பூசுகிற பெண் கையைத் தூக்கினாள். வார்னிஷ் டப்பா இரண்டு கெட்டியாகிவிட்டதாம். ஒருவன் ரம்பம் மொக்கையாகி மாதம் ஒன்று என்றான். இன்னொருவன், கூரை ஒழுகுகிறது, சரியாக இபுவின் மேஜைக்கு மேலே, அதனால்தான் அவன் மழை பெய்யும்போதெல்லாம் மேஜையைத் துடைக்க வருவதாக ஒப்புக்கொண்டான். அவன் ரொம்ப சுத்தக்காரன் என்று வுர்யானி நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கோபுரத்துக்கு இன்னும் இருபது நுனி இருந்திருந்தாலும் போதியிருக்காது.

மறுநாள் பதில் வந்தது. தொண்ணூறை அனுப்புங்கள். மீதிக்கு ஐந்து வாரம், ஒரு நாள் கூடத் தாண்டக் கூடாது. அடுத்த முறை முதல் நாளே சொல்லுங்கள். அவ்வளவுதான். இரண்டு வருஷப் பேச்சே அதில் இல்லை. வுர்யானி அதை என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள், எங்காவது ஒளிந்திருக்குமோ என்று.

ஐந்து வாரத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே மீதியும் கப்பல் ஏறியது. ஹாலந்தின் பனிக்காலம் முடியும்வரை காத்திருந்தார்கள், வாரத்துக்கு நாலு நாள் வேலையோடு. மார்ச்சில் அன்னலீஸ் மறுபடி எழுதினாள். ஒரு கால்கூட வெடிக்கவில்லை. இரண்டு வருஷம் என்று இப்போது யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது, ஒரு வருஷத்துக்குத் தருகிறோம். வுர்யானி ஒரு வருஷத்தை வாங்கிக்கொண்டாள். நாற்பத்தோரு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பூனைக்குட்டிகளைச் சேர்த்தால் ஐம்பது.

போன வாரம் காலையில் பாக் லெகிமான் ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு முற்றத்தில் நுழைந்தார். ரம்பம் நின்றது. உப்புத்தாள் நின்றது. தேநீர்ப் பெண் தட்டோடு அப்படியே நின்றாள். வுர்யானி மேஜையிலிருந்து எழுந்தாள்.

"என்ன பாக்?"

"ஒண்ணுமில்ல இபு. கொல்லையில திரும்பவும் கிழங்கு விளைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு இழுப்பறையைத் திறந்து ஈரமானியை எடுத்துக்கொண்டு, மென்றபடியே சூளையைப் பார்த்து நடந்தாள். பாக் லெகிமான் மீதிக் கிழங்கைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனார்.