ஆறு விரலுக்கு நகரும் பாறை

எங்கள் பள்ளி ஸ்ரீரங்கத்தில், தேரோடும் வீதிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். போன வருஷம் துவாக்குடியிலிருந்து ஓர் இன்ஜினியரிங் மாணவி வேனில் ஒரு மேசையைக் கொண்டுவந்து இறக்கினாள். மேல்பலகை முழுக்கத் தொடுதிரை. நாலு பக்கமும் நின்றுகொண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் விளையாடலாம். அதைக் கவனித்துக் கட்டுரை எழுதுவது அவளுடைய படிப்பில் ஒரு பகுதி. மூன்று நாள் சோதனை. பிள்ளைகள் சேர்ந்து விளையாடினால் மேசை வருஷம் முழுக்க எங்களிடம் இருக்கும்; இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும். கரும்பலகையே பாதி உரிந்துபோன வகுப்பு எங்களுடையது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மேசைமேல் எனக்குப் பேராசை.

விளையாட்டு எளிது. திரையில் ஒரு வாய்க்கால், அதை அடைத்துக்கொண்டு ஒரு பாறை. ஆளுக்கு ஒரு விரல்தான்; ஆறு விரல்கள் ஒன்றாக ஒரே பக்கம் இழுத்தால்தான் பாறை நகரும். இழுத்துவந்து ஒரு குழியில் நிறுத்திவிட்டால் தண்ணீர் வயலுக்குப் பாயும்.

முதல் நாள் ஒரே ரகளை. நாலு பக்கமும் நின்றவர்கள் அவரவர் பக்கம்தான் முன்பக்கம் என்று நினைத்துப் பாறையைத் தம்மை நோக்கி இழுத்தார்கள். ஒரு முரட்டுப் பையன் மற்றவர்கள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். பாறை அசையவில்லை.

இரண்டாம் நாள் என் வைத்தியத்தைக் காட்டினேன். வரிசையில் நில், கையைக் கட்டு, ஒவ்வொருவராக வா. வகுப்பு அடங்கியது. எனக்கு ஒரே மிதப்பு.

“மேடம், ஒவ்வொருத்தரா தொட்டா அது நகரவே நகராதுங்க” என்றாள் மாணவி, தயங்கித் தயங்கி.

“இதுங்களோட ஒரு பீரியட் இருந்து பாரும்மா, அப்புறம் பேசு” என்று எரிந்து விழுந்தேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

மூன்றாம் நாள் நம்பிக்கை போய், வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் இழுபறி. வகுப்பிலேயே குள்ளமான பெண் ஒருத்தி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆளுக்கொரு பக்கம் இழுத்தா தேர் ஓடுமாடா? எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!”

சித்திரைத் தேருக்கு வடம் பிடித்த பிள்ளைகள். சட்டென்று புரிந்துவிட்டது. மூன்று பக்கம் காலி. அத்தனை பேரும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். முரடனை மட்டும் எதிர்ப்பக்கம் அனுப்பினாள். “நீ கட்டை போடு. ஓடிடாம நிறுத்தணும்.” தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவருக்கு ஊரில் இருக்கும் மதிப்பு அவனுக்குத் தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

“ரெங்கா!” என்று தேர்க் கோஷம் போட்டாள் அவள்.

“ரெங்கா!” என்று வகுப்பே கத்தியது. அந்தச் சத்தத்துக்கு விரல்கள் ஒன்றாக இழுத்தன. பாறை கிளம்பியது! குழியைத் தாண்டப் போகும்போது “கட்டை! கட்டை!” என்று அலறினார்கள். அவன் விரலை வைத்துத் தன் பக்கம் இழுத்து மறித்தான். பாறை குழியில் நின்றது. தண்ணீர் பாய்ந்து வயல் பச்சையானது. நானும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

“நாலு பக்கத்துக்காக அவ்வளவு உழைச்சேன். ஒரே பக்கத்துல முடிச்சிட்டாங்க!” என்று சிரித்தாள் மாணவி. “மேசை இங்கதான் மேடம். நீங்க என்ன சொல்லிக் கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, எழுதணும்.”

“ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலைம்மா, அப்படியே எழுதிக்கோ” என்றேன். டீச்சர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பெருமையோடு நான் எதையும் சொன்னதில்லை.