மேடையில் நான் மாற்றிச் சொன்னது

நான் பொய் சொன்னேன். அதையும் இன்னொருவர் சொன்னதாகச் சொன்னேன். ஒரு நேர்மையான மனிதரை எங்கள் தங்கவயலில் இன்றும் பொய்யர் என்று ஏசுகிறார்களே... அதற்குக் காரணம் நான்!

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் கட்சியின் அகில இந்தியத் தலைவர் பதவிக்கு இருவர் போட்டியிட்டார்கள். அவர்களில் ஒருவர், வடநாட்டுக்காரர், ஆதரவு கேட்டு எங்கள் கிளைக்கு வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேச, சுரங்கத்தில் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான் தமிழில் சொன்னேன்.

அவரை ஆதரித்துக் கிளை தீர்மானம் போட வேண்டும். போட வைக்கிறேன் என்று மாவட்டச் செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கைம்மாறாக, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்குப் பிரதிநிதியாக என்னை அனுப்புவதாக அவர் சொல்லியிருந்தார். சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அடையாள அட்டை... அதற்குத்தான் இத்தனையும்! வெட்கமாயில்லையா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்!

எங்கள் ஊர் ஸ்கெலட்டன் மைதானத்தில் பகல் ஷிஃப்ட் முடித்தவர்கள் கூடியிருந்தார்கள். முனுசாமி எழுந்தார். சுரங்கத்தின் ஆழத்து லெவலில், அதாவது கீழ் அடுக்கில், பாறை சரியாமல் மரச்சட்டம் கட்டுகிறவர். என் பக்கத்து வீட்டுக்காரர்.

"தம்பி, அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. எங்க லெவல மூடப் போறாங்களா, இல்லியா? மூடறதா இருந்தா இப்பவே சொல்லிடச் சொல்லு. பெங்களூர்ல மச்சான் வேலை பாத்து வெச்சிருக்கான். நான் போயிடறேன்."

கேட்டேன். வந்தவர் மழுப்பவில்லை. "மூடத்தான் போகிறார்கள். கீழே தங்கம் குறைந்துவிட்டது. தலைவரானாலும் என்னால் அதைத் தடுக்க முடியாது. வேறு வேலை கிடைப்பவர்கள் போய்விடுவது நல்லது. மற்றவர்களுக்காகப் போராடுவேன்" என்றார்.

எல்லா முகங்களும் என்னையே பார்த்தன. இதை இப்படியே சொன்னால் ஒரு கையும் உயராது...

"ஒரு லெவலைக்கூட மூட விடமாட்டேன் என்கிறார்!" என்று முழங்கினேன்.

கைத்தட்டல் அடங்கவே வெகுநேரமாயிற்று. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அருகில் அமர்ந்திருந்த மாவட்டச் செயலாளருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். "பிரமாதமா மொழிபெயர்த்தீங்க" என்று என் தோளைத் தட்டினார். தெரிந்தே தட்டினார், பாவி! ஆனால் அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன அருகதை?

அந்த மனிதரோ கண்கலங்கிக் கைகூப்பி நின்றார். "உண்மையைச் சொன்னதற்குக் கைதட்டும் மக்களை இன்றுதான் பார்க்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை!

மாநாட்டுக்குப் போனேன். அட்டையைக் குத்திக்கொண்டேன். அவர் வென்றார். மச்சான் பார்த்து வைத்த வேலைக்கு முனுசாமி போகவில்லை. அந்த இடத்துக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளில் லெவலை மூடினார்கள்.

தலைவரின் படத்தைக் கிளை அலுவலகத்திலிருந்து பிடுங்கி எறிந்தார்கள். "பொய்யன்! நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டான்!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். ஆம்... எல்லோரையும்விட உரக்க! எவ்வளவு கேடுகெட்ட தொண்டை என்னுடையது!

முனுசாமி குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பினார். எங்கே போகிறோம் என்று அவருக்கே நிச்சயமில்லை. மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தவர், தன்னை வழியனுப்பும் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"நீ இன்னா பண்ணுவ தம்பி? அவன் சொன்னதத்தானே நீ சொன்ன?"

ரயில் நின்றுகொண்டுதான் இருந்தது. சொல்ல நேரம் இருந்தது...

"ஆமாண்ணா" என்றேன்.