அண்ணன் கையால் போட்ட பிரேக்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், நெல்லித்தோப்புக் கடைக்கு வண்டியோடு வந்து சிநேகிதர்களாகிப் போனவர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. அண்ணியைத்தான் எழுதச் சொன்னோம். "எனக்கு எழுத வராது, உனக்குத்தான் வாய் நீளம், நீயே எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டார். எழுதுகிறேன். உங்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கும் ஒரு காரியம் இருக்கிறது.

அண்ணன் பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அப்பா மில் தொழிலாளி. மில்லுக்குப் பூட்டு விழுந்தபோது அண்ணன் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தார். பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பிரேக் லைனிங் மாற்றும் வேலை. வீட்டுக்கு வரும்போது பல் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்து டீச்சர் ஆனேன். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. மற்றதையெல்லாம் சொல்லிக்காட்டுவார். என் கையால் இட்லி கல்லாகிப்போனால் தெருவுக்கே தெரியும்.

பிறகு ஷெட்டில் கூட வேலை பார்த்த கரீம் பாயோடு சேர்ந்து நெல்லித்தோப்பில் சொந்தக் கடை போட்டார். பிரேக்கைத் தவிர வேறு எதையும் இருவரும் தொடமாட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்களின் பழைய கார் முதல் கடற்கரைச் சாலையில் பறக்கும் பையன்களின் பைக் வரை எல்லாம் வரும். "அண்ணே, வண்டி இப்ப சும்மா பிச்சிக்கினு போவுது" என்று ஒரு பையன் பெருமை அடித்தால், "போவுது சரி, நிப்பாட்ட என்னாடா வச்சிருக்க? உன் செருப்பா?" என்று கேட்பார். திட்டிக்கொண்டே பெரிய டிஸ்க்கும் நல்ல ஹோஸும் போட்டு அனுப்புவார்.

வேலை முடிந்தால் வண்டிக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். பிரேக் எப்படி இருக்கிறது என்பதோடு, அதைப் பிடிக்கிறவன் எப்படி என்றும் பார்த்துவிடுவார். என்னைப் பெண் பார்க்க வந்தவரையும் விடவில்லை. பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு மாப்பிள்ளையின் வண்டியில் ஏறிப் போனவர், திரும்பி வந்து அம்மாவிடம், "பையன் நல்லவன்மா. ஆடு குறுக்க வர்றதுக்கு முன்னாடியே பிரேக்குல கைய வைக்கிறான்" என்றார். ஜாதகம் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அண்ணன் கடைசியாகத் தொட்ட வண்டி என்னுடைய ஸ்கூட்டர். டிரம் பிரேக் போதாது என்று முன்பக்க ஃபோர்க்கையே மாற்றி, டிஸ்க் பொருத்தி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடைத் தன் கையால் போட்டார். நடுவில் நெஞ்சைத் தடவிக்கொண்டார். கேட்டதற்கு, "வாயு, நீ போட்ட டீதான் காரணம்" என்றார். அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ் நிற்கும் சத்தம் கேட்டால், "லைனிங் போயிடுச்சு, போய்ச் சொல்லிட்டு வா பாப்பா" என்று என்னை விரட்டுவார். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட இருந்தது அவர் ஒருவர்தான். அவரையும் கருவடிக்குப்பம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் அண்ணன் என் பக்கத்தில் இருப்பது போலவே இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் தேவையே இல்லாத இடத்திலும் பிடித்துப் பார்ப்பேன். சில மாதங்களில் பேட் தேய்ந்து கீச்சிட ஆரம்பித்தது. "மாத்திடலாம்மா, கொண்டாங்க" என்று பாய் பலமுறை சொன்னார். லீவில் வருகிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று தட்டிக் கழித்தேன். அண்ணன் போட்டதை இன்னொருவர் கழற்றுவதா? என் மனசு கேட்கவில்லை. அடிபட்டாலும் படட்டும் என்றிருந்தேன்.

போன மாதம் இந்த மலருக்கான படத்தை அச்சகத்தில் கொடுக்க அண்ணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். மார்க்கெட் அருகே மீன்கார அம்மா ஒருவர் கூடையோடு குறுக்கே வந்தார். அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. நல்ல வேளை, அந்த அம்மா ஒதுங்கிக்கொண்டார். கூடைதான் கவிழ்ந்தது, தெருவெல்லாம் சங்கரா மீன்.

"பிரேக் இல்லாத வண்டிய எடுத்துக்னு ரோட்டுக்கு வந்துட்டியா? என்னா தைரியம் உனக்கு!" என்று கத்தியவர், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "ஐயோ, நீ பிரேக்காரர் வூட்டம்மாதானே? அவுரு வூட்டு வண்டியா இது?"

அண்ணி வண்டியை விட்டு இறங்கினார். குனிந்து மீனைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனோம். பாய் பேடைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தகடு மட்டும்தான் இருந்தது. நான் அழுதுகொண்டே, "அண்ணன் போட்டது பாய்" என்றேன்.

"அவுரு போட்டது இதுல எங்கம்மா இருக்குது? ஒன்ன நிப்பாட்டி நிப்பாட்டியே தேஞ்சு போச்சு. தேயறதுக்குன்னுதான போட்டாரு."

அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தார். "புதுசு போடுங்க பாய்."

அண்ணனை ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், இராப்பகலாய்க் கூட இருந்த அக்கம்பக்கத்தாருக்கும், கடையைத் தொடர்ந்து நடத்திவரும் கரீம் பாய்க்கும், எங்களைத் திட்டி அனுப்பிய மீன்கார அம்மாவுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.

நான் கேட்க வந்தது இதுதான். இன்றைக்கு வருஷ திதிக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப்பேரின் வண்டியில் அண்ணன் போட்ட பேட்தான் இருக்கும். என்னைப் போலவே அதை மாற்ற மனசு வராமல் சிலராவது ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு நேரே கடைக்குப் போங்கள், பாய் திறந்து வைத்திருப்பார். கழற்றும்போது அழுகை வரும். எனக்கும் வந்தது. அப்படியே நின்று மாற்றிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.