லீவு கிடைக்கவில்லை என்ற செய்தி

கீழக்கரை சதக் துபாயில் கம்ப்யூட்டர் சாமான் கடையில் வெகுகாலம் நின்றவர். எந்தக் கம்பெனி சிப்புக்கு ஆள் தேடி வரும், எது அலமாரியிலேயே தூசி பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரோடு வந்து சேர்ந்ததும், வட்டிக்கு விடப் பிடிக்காமல், போனிலேயே அமெரிக்கப் பங்குகள் வாங்கினார். எல்லாம் ஒரே கம்பெனி. ஏஐ சிப் செய்வதில் அதுதான் அப்போது பெரிய கை.

அதற்குப் போட்டியாகக் கிளம்பிய சின்னக் கம்பெனி ஒன்றின் பெங்களூர் ஆபீசில்தான் அவர் மகள் யும்னா வேலை பார்த்தாள். அவள் சேர்ந்த அன்று தெரு முழுக்கத் தொதல் அல்வா கொடுத்தவர் சதக்.

பெரிய கம்பெனியின் காலாண்டுக் கணக்கு வரும் சமயம் நெருங்கினால், சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கூட்டாளிகளுக்குள் இதே பேச்சுதான். போட்டிக் கம்பெனியின் புது சிப் வந்துவிட்டால் பெரிய கம்பெனியின் பங்கு விலை இறங்கும், தள்ளிப்போனால் ஏறும்.

"ஒங்க மகதான் அங்கன இருக்காளே, ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றார் பக்கத்து வீட்டு நுஃமான்.

சதக் கேட்டார்.

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது வாப்பா. கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்திருக்கேன்" என்றாள் யும்னா.

அதோடு விட்டிருக்கலாம். ஒருநாள் அவள் தன் உம்மா குல்சுமிடம், "ஞாயித்துக்கெழமையும் ஆபீஸ்தான் உம்மா, லீவே கிடைக்கல" என்று போனில் அலுத்துக்கொண்டது சதக்கின் காதில் விழுந்தது. வேலை முடியாமல் இழுக்கிறது, சிப் இப்போதைக்கு வராது என்று அவராகவே முடிவுகட்டி, லீவு கிடைக்காத கதையோடு நுஃமானிடம் சொன்னார். நுஃமான் அதைக் கீழக்கரை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கை மாறிக் கை மாறி, 'பெங்களூர் ஆபீசுக்குள்ளிருந்தே வந்த செய்தி' என்று அது யும்னாவின் போனுக்கே போய்ச் சேர்ந்தது.

"லீவு கிடைக்கலைன்னு நான் உம்மாகிட்டதான வாப்பா சொன்னேன்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "யாரு சொன்னதுன்னு இங்க தேடுறாங்க."

"ஒம் பேர நான் எங்கயும் சொல்லலயேம்மா."

"கீழக்கரைலேருந்து எங்க ஆபீஸ்ல எத்தன பேரு இருக்கோம் வாப்பா?"



சொன்ன தேதியிலேயே சிப் வந்தது. லீவில்லாமல் உழைத்தது அதை முடிக்கத்தான் என்று அவருக்குப் பிறகுதான் விளங்கியது. பெரிய கம்பெனி அந்தக் காலாண்டில் நல்ல லாபம்தான் காட்டியது. ஆனாலும் போட்டிக்குப் பயந்து எல்லோரும் விற்றதில் பங்கு சரிந்தது. விடியக்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து போனைப் பார்த்தவர், உடனே மகளைக் கூப்பிட்டு, "ஒங்க சிப்பால எம் பங்கு போச்சு" என்றார்.

"அது எங்க டீம் செஞ்சது வாப்பா" என்று மட்டும் சொல்லி அவள் போனை வைத்தாள். நல்லா செஞ்சிருக்கீங்க என்று ஒரு வார்த்தை தன் வாயில் வரவில்லையே என்று சதக்குக்கு அப்புறம்தான் தோன்றியது.

எப்படியோ அவள் வேலை தப்பிப் பிழைத்தது. பங்கு விலையும் மறுபடி ஏறியது. சதக் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு மகளிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல வாப்பா" என்றாள். பெருநாளுக்கு வந்தபோது பிரியமாகத்தான் இருந்தாள், அவருக்குச் சட்டை எடுத்து வந்திருந்தாள். ஆபீசில் என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டால், "வழக்கமான வேலைதான்" என்றாள்.

இப்போதெல்லாம் குல்சுமிடம் போனில் பேசும்போது, "வாப்பா பக்கத்துல இருக்காங்களா?" என்றுதான் அவள் ஆரம்பிக்கிறாள். இருந்தால் பேச்சு மழை, வெயில் என்று சுருங்கிவிடும். அதனால் போன் அடித்ததும் சதக் தானாகவே எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுகிறார், குல்சுமாவது முழுசாகக் கேட்கட்டும் என்று.